வண்ணத்தின் அடியில் இருக்கும் பலகை

படம் என்று நாம் இன்று வழங்கும் சொல்லுக்குத் துணி என்பதே பழம்பொருள். துணியில் சித்திரம் எழுதும் வழக்கம் மிக்கிருந்தமையால், எழுதப்பெற்ற பொருளின் பெயரே எழுத்திற்கும் ஆயிற்று. நாம் குடியேறி வாழும் இவ்வங்க நாட்டிலும் நிலை இதுவே. இங்குச் சித்திரத்தைப் 'பட்' என்பர். எழுதுவோரைப் 'பட்டுவா' என்பர். கிடர்பூர்ப் பாலத்தினின்று ஆதிகங்கைக் கால்வாயை ஒட்டித் தென்கிழக்கே சிறிது தொலைவு சென்றால் காளிகட்டம் வந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் அக்கோயிலின் சுற்றுப்புறத்தில் அமர்ந்து ஆயிரக்கணக்கான சித்திரங்களை எழுதித் தள்ளியவர்கள் அப்பட்டுவாக்களே. தமிழரும் வங்காளியரும் சித்திரத்திற்கு அதன் வண்ணத்தாலோ வடிவத்தாலோ பெயரிடாமல், அடியில் கிடந்து அதனைத் தாங்கும் துணியால் பெயரிட்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆயினும், சித்திரக்கலையைப் பற்றி எழுதுவோர் அனைவரும் வண்ணத்தையும் கோட்டையும் பாவத்தையுமே புகழ்கின்றனர். அடியில் உள்ள பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, துணியின்மேல் பூசிய சுண்ணம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவார் அரியர். ஓவியன் ஒரு திங்கள் உழைத்தான் எனின், அதில் பாதிக்குமேல் இப்பூச்சு வேலைக்கே சென்றிருக்கும். எந்தச் சித்திரம் நூறாண்டு நிற்கும், எது பத்தாண்டில் உதிரும் என்பதை உறுதி செய்வதும் இதுவே. ஆதலின் இக்கட்டுரையில் வண்ணத்தை விடுத்து, அதன் அடியை மட்டும் நோக்குவோம்.

தமிழில் 'மெழுகு' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. தேன்கூட்டினின்று எடுக்கும் மெழுகு ஒன்று. சாணம் கரைத்துத் தரையைப் பூசித் தூய்மை செய்தல் மற்றொன்று. நம் தாய்மார் விடியலில் வாயிலை மெழுகிய பின்னரே கோலமிடுவர். வறண்ட புழுதியில் இட்ட மாவு காற்றில் பறக்கும். மெழுகிய தரையில் இட்ட மாவு பற்றி நிற்கும். பசுமை கலந்த கருநிறத்தின்மேல் வெண்மையும் எடுப்பாகத் தோன்றும். சித்திரத்திற்கு நிலம் அமைத்தல் என்னும் கலையின் முழு இலக்கணமும் இச்சிறு செயலில் அடங்கியிருக்கிறது. வங்கப் பெண்டிரும் மண்ணும் சாணமும் கலந்து தரையை மெழுகியே ஆல்பனா இடுவர்.

தேன்மெழுகையே வண்ணம் தாங்கும் பொருளாகக் கொண்டு சித்திரம் எழுதிய மக்களும் உலகில் இருந்தனர். கிரேக்கரும் உரோமரும் வண்ணப்பொடியை உருகிய மெழுகில் குழைத்துப் பலகைமேல் தீட்டிப் பின் சூட்டினால் பதிய வைத்தனர். சுட்டுப் பதித்தல் என்று பொருள்படும் 'என்காஸ்டிக்' என்னும் கிரேக்கப் பெயர் அதற்கு உண்டு. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை வெடித்தபோது உயிர்நீத்த பிளினி என்னும் உரோமப் பேரறிஞர், தம் இயற்கை வரலாற்று நூலில் இம்முறையை விவரித்துள்ளார். மரக்கலங்களுக்கு வண்ணம் தீட்டும்போது மெழுகைத் தீயில் உருக்கித் தூரிகையால் பூசினர் என்றும், அப்பூச்சினை வெயிலும் உப்புநீரும் காற்றும் அழிக்க மாட்டா என்றும் அவர் எழுதுகின்றார். 1892இல் திறக்கப்பெற்ற கப்பல்துறையின் அருகே வாழும் நமக்கு இச்செய்தி எளிதில் விளங்கும். கடற்காற்றும் உவர்நீரும் பூச்சுகளை என்ன செய்யும் என்பதை நம்மவர் பலர் தொழில்முறையாலேயே அறிவர்.

யவனரின் மெழுகு ஓவியங்களுள் இன்று மிகுதியாக எஞ்சியிருப்பவை எகிப்து நாட்டில் கிடைத்தவை. ஃபையும் என்னும் பகுதியில், இறந்தவர் உடலைப் பதம் செய்து துணியால் சுற்றும்போது, முகத்தின்மேல் அவர்தம் உருவம் எழுதிய பலகையை வைத்துக் கட்டும் வழக்கம் இருந்தது. கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளைச் சேர்ந்த அத்தகைய உருவங்கள் ஏறத்தாழ 900 இன்று உலகின் காட்சிச்சாலைகளில் உள்ளன. 1888இல் பிளிண்டர்ஸ் பீட்ரி என்னும் ஆங்கில ஆய்வாளர் அவாரா என்னுமிடத்தில் அகழ்ந்து பல உருவங்களை வெளிக்கொணர்ந்தார். பூச்சு பெயரும் நிலையில் இருந்தவற்றின்மேல் அவர் புதிய தேன்மெழுகை உருக்கிப் பூசிக் காத்தார் என்பது குறிக்கத்தக்கது.

அப்பலகைகளை ஆராய்ந்தோர், அவற்றுள் பெரும்பாலானவை லிண்டன் என்னும் மரத்தால் ஆனவை எனக் கண்டனர். அது எகிப்தில் வளர்வதன்று. கடல் கடந்து ஐரோப்பாவினின்று வந்த மரம். உள்நாட்டு அத்திமரமும் பயன்பட்டதுண்டு. லிண்டன் மெல்லிய இழையுடையது, முடிச்சு குறைந்தது, மிகவும் மெலிதாக இழைக்க இடந்தருவது. சில பலகைகள் முகத்தின் வளைவிற்கேற்ப வளையும் அளவிற்கு மெலிந்தவை. மெழுகில் எழுதிய சிலவற்றில் பலகைக்கு மெல்லிய வச்சிரப்பசைப் பூச்சு ஒன்றே உண்டு. சிலவற்றில் அதுவும் இல்லை. நீர்வண்ணமாக எழுதியவற்றிலோ வெண்சுண்ணப் பூச்சு அடியில் காணப்படும். காரணம் வெளிப்படை. உருகிய மெழுகு மரத்தின் நுண்துளைகளில் தானே புகுந்து, ஆறும்போது பற்றிக்கொள்ளும். அதற்கு வேண்டுவன இரண்டே: மெழுகினை உறிஞ்சும் தன்மையும், வளையாத உறுதியும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை வெப்பத்தில் உருகும். ஆறியபின் விறைப்புற்று நிற்கும். ஆகவே தொங்கவிட்ட துணியில் அது விரிசல் காணும். நெய்ப்பான பூச்சின்மேலோ பற்றாமல் செதிளாக உரியும். இக்காலத்தில் இக்கலையைப் பயில்வோரும் பசையும் சுண்ணப்பொடியும் கலந்த பழைய வெண்பூச்சையே நாடுகின்றனர். கடையில் டப்பியில் கிடைக்கும் பிளாஸ்டிக் கலந்த பூச்சு மெழுகினை உறிஞ்சுவதில்லை.

இந்த உருவங்கள் எழுதப்பெற்ற காலம் நம் சங்க காலத்தோடு ஒட்டிய காலம் என்பதை மறத்தலாகாது. யவனர் கலங்கள் முசிறிக்கும் புகாருக்கும் வந்த காலம் அது. செங்கடற் கரையில் குசைர் அல்-காதிம் என்னுமிடத்தில், கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. முசிறியினின்று ஏற்றிவந்த சரக்கைப் பற்றிய ஒப்பந்த ஓலை ஒன்றும் எகிப்தில் எழுதப்பெற்று இன்று வியன்னாவில் இருக்கிறது. ஆகவே நம் வணிகர் சிலரேனும் அந்நாட்டில் கால்வைத்தனர் என்பதில் ஐயமில்லை. எனினும் மெழுகினால் எழுதும் கலை அவர்களோடு இங்கு வந்ததற்குச் சான்று யாதும் காணோம். நம் நாட்டு வெயிலைக் காரணமாகக் கூறுவாரும் உளர். எகிப்து நம்மினும் வெயில் மிகுந்த நாடாதலின் அக்காரணம் நிரம்பாது. கிளிஞ்சற் சுண்ணாம்பும் புளியங்கொட்டையும் கைக்கெட்டிய அளவில் கிடக்க, தேனீயின் கூட்டை நாட வேண்டிய தேவை நம் ஓவியனுக்கு எழவில்லை என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஆனால், மெழுகு நம் நாட்டுச் சித்திரத்தில் அறவே இடம்பெறவில்லை என்று சொல்லிவிட முடியாது. வண்ணத்தில் இல்லாத மெழுகு அடிப்பூச்சில் இருந்தது! விட்டுணு தருமோத்தரம் என்னும் வடமொழி நூலின் சித்திரசூத்திரப் பகுதி, சுவரைச் சித்திரத்திற்கு ஆயத்தம் செய்யும் முறையை விரித்துரைக்கிறது. மூவகைச் செங்கற்பொடியும், அதில் மூன்றில் ஒரு பங்கு களிமண்ணும், குங்கிலியம், தேன்மெழுகு, அதிமதுரம், வெல்லம், எண்ணெய் முதலியனவும், வில்வக்காயின் சாறும், மணலும் சேர்த்துப் பிசைந்து ஒரு திங்கள் ஊறவைக்க வேண்டுமாம். இவ்வாறு அமைத்த சுவரில் எழுதிய சித்திரம் நூறாண்டு ஆயினும் அழியாது என்று அந்நூல் உறுதி கூறுகிறது. இப்பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து உலகறியச் செய்தவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார். அம்மொழிபெயர்ப்பு 1920-களில் இந்நகரிலேயே அச்சேறியது. ஆஸ்திரிய நாட்டில் பிறந்த அவ்வம்மையார், செங்கற்பொடியையும் வெல்லத்தையும் பற்றிய வரிகளை இங்கிருந்து ஆராய்ந்திருக்கிறார்.

தமிழகத்தில் சுவர்ப்பூச்சின் பெருமையைத் தஞ்சைப் பெரியகோயில் காட்டும். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய இருண்ட சுற்றுவழியில், நாயக்கர் காலச் சித்திரங்களின் அடியில் சோழர் காலச் சித்திரங்கள் மறைந்திருத்தலைக் கண்டார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் அப்பூச்சின் துகள்களைச் சோதித்துப் பார்த்தார். கருங்கற்சுவரின்மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த பருமட்டான பூச்சும், அதன்மேல் மெல்லிய சுண்ணப்பூச்சும் உள்ளன என்றும், பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டினர் என்றும் 1930-களில் அவர் எழுதினார். ஈரச் சுண்ணாம்பு காற்றை ஏற்று மீண்டும் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் தன்னுள் கட்டிக்கொள்கிறது. அங்குத் தனியே பசை வேண்டுவதில்லை. ஓவியன் விரைந்து எழுத வேண்டும் என்பதே இதில் உள்ள அருமை. பூச்சு உலர்ந்தால் வாய்ப்புப் போயிற்று. பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேலிருந்த நாயக்கர் சித்திரங்கள் சிலவற்றைப் பூச்சோடு பெயர்த்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றிவைத்தனர். மேலதும் கெடாமல் கீழதும் கெடாமல் இரண்டையும் காத்த அருஞ்செயல் அது. சுவரை இழந்த சித்திரத்திற்குப் புதிய பலகை ஒன்று வேண்டியதாயிற்று, பார்த்தீர்களா!

இனி, நம் கட்டுரையின் நடுநாயகமான தஞ்சாவூர்ப் பலகைப் படத்திற்கு வருவோம். 1565இல் விசயநகரம் வீழ்ந்தபின் ஓவியர் பலர் தெற்கே தஞ்சை நாயக்கர் அவையை நாடினர். 1676 முதல் 1855 வரை ஆண்ட மராட்டிய மன்னர் காலத்தில், சிறப்பாக இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்தில், இக்கலை ஓங்கியது. ராஜு, நாயுடு மரபினர் இதனைக் குலத்தொழிலாகக் கொண்டனர். பொன்தகடும் கற்களும் மின்ன, கொழுத்த வெண்ணெய்க் கண்ணன் அமர்ந்திருக்கும் அப்படங்களை அறியாத தமிழ் இல்லம் இல்லை. 2007–2008 அளவில் இக்கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அதன் பெயரே 'பலகைப் படம்' என்பதாகும். பலகையும் உண்டு, படமாகிய துணியும் உண்டு. இரண்டும் பெயரிலேயே நிற்கின்றன. பலகைக்குப் பழமையில் விரும்பியது பலாமரம். தேக்கும் கொள்வதுண்டு. தஞ்சை வீணைக்கும் மிருதங்கத்திற்கும் பலாவையே தேர்வர் என்பது இசையறிந்த அன்பர்களுக்குத் தெரியும். முற்றிய பலா எளிதில் கோணாது. பூச்சி அரிப்பது குறைவு. எனினும் எம்மரமும் மழைக்காலத்தில் சற்றே ஊதும், கோடையில் சற்றே சுருங்கும். நார் ஓடும் திசையில் இம்மாற்றம் மிகச் சிறிது. குறுக்குத் திசையிலோ மிகுதி. மேலே பூசும் சுண்ணமோ ஊதவும் அறியாது, சுருங்கவும் அறியாது. மரம் அசைய, சுண்ணம் அசையாதிருந்தால் இடையில் வெடிப்புத் தோன்றுவது உறுதி. இம்முரணைத் தீர்க்கவே நம் முன்னோர் இரண்டிற்கும் நடுவில் துணியை வைத்தனர். அசைவை ஏற்று விட்டுக்கொடுப்பது துணியின் வேலை.

துணியை ஒட்டும் பசை புளியங்கொட்டையினின்று வருவது. கொட்டையை வறுத்தோ ஊறவைத்தோ கருந்தோலை நீக்கி, வெண்பருப்பை அரைத்து, நீரில் கரைத்துக் காய்ச்சுவர். கஞ்சி கெட்டிப்பட்டுக் கண்ணாடிபோல் ஒளிரும். அப்பசையைப் பலகையில் தடவி, நன்கு துவைத்த பருத்தித் துணியைச் சுருக்கமின்றிப் பரப்பிக் கையால் நீவிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுவர். துவைத்த பழந்துணியே உகந்தது. புதுத்துணியில் உள்ள கஞ்சி பசையை ஏற்காது. அஃது உலர்ந்தபின் சுக்கான்கல்லை நுண்ணிதாகப் பொடித்துப் பசை சேர்த்துக் குழைத்துப் பூசுவர். ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சு. பொறுமையிழந்து ஈரத்தின்மேல் ஈரம் பூசினால் மேற்பூச்சு முதலில் உலர்ந்து இழுத்துப் பாளம் பாளமாகப் பிளக்கும். பூச்சுகள் நிறைந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். தேய்த்த பரப்பு தந்தம்போல் விளங்க வேண்டும். விரலால் தடவும்போது துணியின் இழை சிறிதும் தட்டுப்படலாகாது.

அதன்மேல் உருவம் வரைந்து, நகையும் மண்டபமும் புடைத்துத் தோன்ற வேண்டிய இடங்களில் சுக்கான்பொடியும் பசையும் குழைத்த 'மக்கு' என்னும் களியை இட்டு, கற்களைப் பதித்து, பொன்தகட்டை அழுத்துவர். வண்ணம் கடைசியிலேதான். மக்கு வேலையையும் நிலவேலையின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன். பொன் மின்னுவது பொன்னால் மட்டுமன்று. அடியில் உள்ள மக்கின் மேடுபள்ளம் விளக்கொளியைப் பலதிசையில் திருப்பி அனுப்புவதாலும் ஆகும். பூசையறையில் எண்ணெய் விளக்கின்முன் பார்த்தவர்க்கு இஃது விளங்கும். மின்விளக்கின் கீழ் அப்பொலிவு பாதி குன்றும்.

இத்தாலியில் கி.பி. 1400-ஐ ஒட்டி வாழ்ந்த சென்னினோ சென்னினி என்னும் ஓவியர், தம் தொழில்நூலில், பாப்லர் மரப்பலகையின்மேல் பழைய லினன் துணியைப் பசையால் ஒட்டி, அதன்மேல் வெண்சுண்ணம் பல முறை பூசித் தேய்க்க வேண்டும் என எழுதிவைத்தார். அவர் பசை விலங்குத்தோலினின்று காய்ச்சியது, நம்மது புளியங்கொட்டை. மற்றபடி மரம், துணி, சுண்ணம், மெருகு, பொன் என்னும் வரிசை ஒன்றே. ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றதாகக் கொள்ள வேண்டியதில்லை. மரத்தின் குணம் எங்கும் ஒன்றாதலின், தீர்வும் ஒன்றாயிற்று.

புளியங்கொட்டைப் பசை தமிழகத்தோடு நிற்கவில்லை. புரியில் பட்டசித்திரம் எழுதுவோர் துணிமேல் துணி ஒட்டி, புளியங்கொட்டைப் பசையும் வெண்கற்பொடியும் பூசிக் கல்லால் தேய்ப்பர். வங்கத்தில் விஷ்ணுபுரத்துத் தசாவதாரச் சீட்டுகளும் இவ்வாறே துணியடுக்கால் ஆனவை. மேற்கு மேதினிபூர் மாவட்டத்து நயா கிராமத்துப் பட்டுவாக்கள் நீண்ட சுருள்களின் முதுகில் பழைய புடவைத் துணியை ஒட்டி வலுவேற்றுவர். வில்வக்காயின் பசையை வண்ணத்தோடு கலப்பர். சித்திரசூத்திரத்தில் கண்ட வில்வம் இன்றும் இங்கே தொழிலில் இருக்கிறது!

காளிகட்டத்திற்கு வந்த பட்டுவாக்களோ இம்மரபினின்று விலகினர். கோயிலுக்கு வரும் யாத்திரிகர் கூட்டம் பெருகிற்று. ஓரிரு காசுக்குப் படம் வேண்டிற்று. துணி ஒட்டவும் மண் பூசவும் நேரமேது? ஆலையில் செய்த மெல்லிய காகிதத்தை எடுத்து, நிலம் ஏதுமின்றி நேரே நீர்வண்ணத்தால் வீசி எழுதினர். தஞ்சையில் பொன் இட்ட இடத்தில் இவர்கள் வெள்ளியினும் மலிந்த தகரப்பொடியால் வெண்ணொளி கூட்டினர். அவர்தம் கோட்டின் வீச்சை இன்று உலகம் போற்றுகிறது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் பெருந்தொகுதி உண்டு. ஆனால் அக்காகிதம் பழுப்பேறி ஒடிவதைக் காண்போர், நிலத்தை விட்டுக்கொடுத்ததன் விலையையும் உணர்வர். பின்னர் அச்சுப்படங்கள் அதனினும் மலிவாக வர, 1930-களுக்குள் அத்தொழில் ஓய்ந்தது. அவ்வோய்வின் காலத்தில், கல்கத்தாவின் யாமினி ராய் (1887–1972) மேனாட்டு எண்ணெய் வண்ணத்தைத் துறந்து, சுண்ணாம்பு பூசிய துணியிலும் பலகையிலும் பாயிலும் புளியங்கொட்டைப் பசை கலந்த வண்ணத்தால் எழுதத் தொடங்கினார். அவர் பட்டுவாவின் கோட்டை மட்டும் கடன்கொள்ளவில்லை. பட்டுவா கைவிட்ட நிலத்தையும் மீட்டார்.

தஞ்சையிலும் மாற்றம் வந்தது. பலாப்பலகைக்கு மாற்றாக இன்று பிளைவுட்டே பெருவழக்கு. முதியோர் சிலர் இதனைக் குறைகூறுவர். அது முற்றும் நேர்மையன்று என்பது என் கருத்து. தகடுகளை நார் குறுக்குமறுக்காக ஒட்டிச் செய்த பலகையில் ஊதலும் சுருக்கமும் குறைவு. அவ்வகையில் அது துணியின் வேலையைத் தானே பாதி செய்கிறது. 1954–55இல் அமெரிக்க ஓவியர் யாஸ்பர் ஜான்ஸ், தம் நாட்டுக் கொடியை மெழுகு வண்ணத்தில் எழுதியபோது, துணியும் செய்தித்தாளும் ஒட்டிப் பிளைவுட்டின்மேலேயே ஏற்றினார். அது இன்றும் நியூயார்க்கில் இருக்கிறது. அஞ்சத்தக்கது பிளைவுட் அன்று, விரைவுதான். துணி இல்லாமலோ, ஒரே பூச்சில் முடித்தோ, பொன்னுக்கு மாற்றாகப் பொன்னிறக் காகிதம் ஒட்டியோ விற்கப்படும் படங்களை, மேலே பார்த்து வேறுபாடு காண்பது அரிது. ஐந்து மழைக்காலம் கழிந்தால் அவையே காட்டிக்கொடுக்கும்.

மழைக்காலம் என்றதும் நம் கிடர்பூர் வீடுகளின் நினைவு வருகிறது. தாய்நாட்டினின்று வரும்போது பாட்டன் பாட்டியர் சுமந்துவந்த பலகைப் படங்கள் நம்மவர் பூசையறைகள் சிலவற்றில் உண்டு. கங்கைக்கரையின் ஈரக்காற்றில் அவை கொப்புளிக்கும், மக்கு பெயரும், கல் உதிரும். பின்னமான சாமி படம் வீட்டில் இருத்தலாகாது என்று சொல்லி, ஆலமரத்தடியில் சாய்த்துவிடுவதும் ஆற்றில் விடுவதும் வழக்கமாகிவிட்டது. இங்ஙனம் எத்தனை பழம்படங்கள் நீரிற் கரைந்தனவோ! கரைந்தன என்பது வெறும் வழக்குச்சொல் அன்று. புளியங்கொட்டைப் பசையும் கோந்தும் நீரில் இளகுவன. மெழுகு ஓவியத்திற்குத் தீ பகை. நம் பலகைப் படத்திற்கு நீர் பகை.

ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் படத்தைத் துடைக்கும் வழக்கத்தை அன்பர்கள் விடவேண்டும். கண்ணாடியின் புறத்தை மட்டும் துடைக்கலாம். சுவரோடு ஒட்ட மாட்டாமல், சட்டத்தின் அடியிரு மூலைகளிலும் தக்கைத் துண்டு வைத்துக் காற்றோட்டம் தரலாம். கண்ணாடி வண்ணத்தில் படாதிருத்தலும் வேண்டும். கல்லோ மக்கோ உதிர்ந்தால் அதனை எறியாமல் காகிதத்தில் பொதிந்து வைத்துக்கொள்க. கடைப்பசையால் தாமே ஒட்ட முனையற்க.

படத்தின் அகவையை அறிய விரும்புவோர் முகத்தைப் பாராமல் முதுகைப் பார்க்க வேண்டும். கைவாளின் தடம், குறுக்குச்சட்டம், பலாவிற்குரிய மஞ்சள் பழுத்த நிறம், ஓரத்தில் மடிந்துவந்த துணியின் விளிம்பு ஆகியவை இருப்பின், அப்படம் ஆற்றில் விடத்தக்கதன்று. நம் பகுதியினின்று நெடுந்தொலைவில் இல்லாத விக்டோரியா நினைவு மண்டபத்தில் ஓவியங்களைச் செப்பனிடும் பிரிவு ஒன்று உண்டு. படத்தை ஆலமரத்தடிக்கு எடுத்துச் செல்லுமுன், அதன் முன்புறத்தையும் முதுகையும் நிழற்படமாக எடுத்து அங்குள்ள அறிஞர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம்.